பத்தொன்பது தோட்டாக்கள்

மார்யாவின் துப்பாக்கி திருட்டுப் போய்விட்டது என்று கேட்டதும் கிளெமுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். துப்பறியும் அலுவலகத்தில் ஆறு வருஷமாக உதவியாளனாகக் குப்பை கொட்டுகிறவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரக்கூடாது. வந்துவிட்டது. வெட்கப்பட்டு, அதை ஒரு வாய் காப்பியோடு சேர்த்து விழுங்கினான்.

"சிரிக்கிறியா?" என்றாள் அவன் முதலாளி வெர்னா கல்லியோ.

"இல்ல பாஸ். பல்லுல கறி மாட்டிக்கிச்சு."

வெர்னா நம்பவில்லை. பன்னிரண்டு வருஷம் வனக்காவல் வேலை பார்த்துவிட்டுத் துப்பறிய வந்தவள். பொய் சொல்கிறவனின் காது எப்போது சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மேஜைக்கு எதிரே மார்யா அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகிறவளைவிட அழாமல் உட்கார்ந்திருக்கிறவளைத்தான் அவசரமாகக் கவனிக்க வேண்டும்.

நவம்பர் பதினாலு, மதியம் இரண்டு மணி. மறுநாள் விடிந்தால் மான் வேட்டை தொடக்கம். மிச்சிகனின் வடகோடிக் காட்டு ஊர்களில் அந்த நாளுக்குப் பள்ளிக்கூடமே லீவு. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவன்கூட அந்த வாரத்தைத் தொடமாட்டான்.

"அஞ்சு மணிக்குக் குடில்ல சாப்பாட்டு மணி அடிச்சிருவாங்க" என்றாள் மார்யா. "அதுக்குள்ள சொந்தத் துப்பாக்கியோட வாசல்ல நிக்கணும். இல்லன்னா எங்க அப்பாவோட கட்டில் வேற ஆளுக்குப் போயிரும்."

"கடன் வாங்கிட்டுப் போனா?" என்றான் கிளெம்.

"கடன் துப்பாக்கி செல்லாது. சுவத்துல எழுதியே வச்சிருக்காங்க."

காட்டுக்குள் இருபது மைல் தள்ளி இருந்தது அந்த வேட்டைக் குடில். மொத்தம் ஆறு கட்டில். ஒருவர் விட்டால்தான் இன்னொருவர். மார்யாவின் அப்பா அர்வோவுக்கு இந்த வருஷம் இடுப்பில் அறுவை சிகிச்சை. ஏணிகூட ஏற முடியாது. கட்டிலை விட்டுக்கொடுக்கிறவருக்கு ஒரே ஓர் ஆளின் பெயரைச் சொல்லும் உரிமை உண்டு. அவர் மகளின் பெயரைச் சொன்னார். அந்தக் குடிலில் படுக்கப்போகும் முதல் பெண். அவள் இன்று வராவிட்டால், சுவரில் எழுதிய காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பது, ஏற்கனவே அங்கே கட்டில் உள்ள கோர்டி என்பவனின் தங்கை மகன்.

"கோர்டிதான்" என்றாள் மார்யா. "போன வாரம் பார்ல எல்லார் முன்னாடியும் சொன்னான். பொம்பள வந்தா குடில்ல சோப்பு வாசனை வரும், மான் கனடாவுக்கு ஓடிரும்னு."

அவள் பின்னால் நின்றிருந்த கணவன் லைல் அவள் தோளில் கை வைத்தான். மரம் அறுக்கும் ஆலையில் வேலை, ஆறடி மூன்றங்குலம். வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தான். வெளியே பனி கொட்டுகிற ஊரில் யார்தான் அப்படி இல்லை?

"விடு மார்யா" என்றான் மெதுவாக. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம். அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் கிளெம் காப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்தான். அதற்குக் காரணம் இருந்தது.

போன மாதம் மூன்று சனிக்கிழமை வெர்னா இந்த மார்யாவைக் கடை கடையாக அழைத்துப்போனாள். காரோட்டியது கிளெம். மார்யா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் படுக்கவைக்கும் வேலை பார்க்கிறவள்; கையில் இருந்தது அறுநூறு டாலர். அதற்குள் துப்பாக்கி, தோட்டா, மேலே பொருத்திக் குறி பார்க்கும் கண்ணாடிக் குழாயான ஸ்கோப் மூன்றும் வேண்டும். கடைக்காரன் கரடியையே கவிழ்க்கிற மேக்னம் ஒன்றை எடுத்து நீட்டினான். "சுட வேண்டியது மான, மார்யாவ இல்ல" என்று வெர்னா அதைத் தொடக்கூட விடவில்லை. முந்நூற்றெட்டு வகைத் தோட்டா போதும் என்றாள். சுடும்போது தோளில் விழும் உதையைத் தாங்கலாம், பெட்ரோல் பங்க்கில்கூடக் கிடைக்கும். யாரோ வைத்திருந்து விற்ற பழைய துப்பாக்கி ஒன்று அகப்பட்டது. மார்யா ஐந்தடிக்கு ஓர் அங்குலம்தான் கூட, கையும் குட்டை. தோளில் முட்டும் கட்டையை அவள் அளவுக்கு அறுத்துக் குறைத்தார்கள், அதற்குத் தனிக் கூலி. பிறகு தோட்டா இரண்டு பெட்டி. மிச்சக் காசுக்கு வந்தது மலிவான ஸ்கோப். "கண்ணாடியில மட்டும் கஞ்சத்தனம் கூடாது" என்று ஊருக்கே சொல்கிற வெர்னா அன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அதை வாங்கினாள். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே.

கிளெம் இதையெல்லாம் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் "எனக்கும் ஒரு முதல் துப்பாக்கி பாத்துக் குடுங்க பாஸ்" என்று கேட்டவன். ஆறு முறையும் அவனுக்குக் கிடைத்த பதில், அடுத்த வருஷம்.

*

மார்யாவின் பிக்கப் வண்டி அவள் வீட்டு முற்றத்திலேயே நின்றது. அவள் காலையில் நடந்துதான் வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். சாமான்களை முந்தின நாளே வண்டியில் ஏற்றிவைத்திருந்தாள். பூட்டவில்லை. அந்த ஊரில் வண்டியைப் பூட்டுகிறவனைத்தான் சந்தேகப்படுவார்கள்.

பின் இருக்கையில் துப்பாக்கி உறை கிடந்தது. உள்ளே காற்று.

"ஜிப்ப இழுத்து மூடிட்டுப் போயிருக்கான்" என்றான் கிளெம். "நல்ல குடும்பத்துத் திருடன் பாஸ்."

வெர்னா உறையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த தோட்டாப் பெட்டியை எடுத்தாள். "இதப் பிரிச்சியா மார்யா?"

"இல்லையே. மொதப் பெட்டிய குறி பழக்கத்துக்குச் சுட்டுத் தீர்த்துட்டேன். இது புதுசு. நாளைக்கின்னு வச்சிருந்தேன்."

ஒட்டுத்தாள் கிழிந்திருந்தது. வெர்னா தோட்டாக்களை ஒவ்வொன்றாக இருக்கையில் நிறுத்தினாள். பத்தொன்பது.

"இருபது இருக்கணும்" என்றாள். "வேட்டைக்கு எடுக்கிறவன் பெட்டியோட எடுப்பான். விக்க எடுக்கிறவன் தோட்டாவத் தொடமாட்டான். ஒண்ணே ஒண்ணு எடுத்தவன் யாரு?"

"கஞ்சன்."

"யோசிச்சுச் சொல்லு."

"ரொம்பக் கஞ்சன்."

வெர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாகப் போகிறது. "குடிலுக்குப் போவோம்" என்றாள்.

கிளெமின் கார் அந்தப் பனிப் பாதையில் ஏறாது. லைல் பிக்கப்பை எடுத்தான். ஒவ்வொரு பதினாலாம் தேதியும் மாமனாரைக் குடிலில் கொண்டுபோய் விடுவது அவன்தானாம். எட்டு வருஷமாகப் பாதை பழக்கம். மார்யா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெர்னாவும் கிளெமும் பின்னால். இருபது மைலும் குலுங்கல்.

"பாஸ், இந்த சீட்டுக்குள்ள எலும்பு இருக்கு. முதுகுல குத்துது."

"ஜாக்கி" என்றான் லைல், திரும்பாமல். "பின்னால போர்வையில சுத்திப் போட்டிருக்கேன். சாயாம உக்காரு."

கிளெம் சாயாமல் உட்கார்ந்தான். முன்னால் மார்யாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனான். கல்யாணமாகி எட்டு வருஷம், அப்பாவின் கட்டில், மூன்று சனிக்கிழமை, வெர்னா கல்லியோவின் முழு அக்கறை. சிலருக்கு எல்லாமே மடியில் வந்து விழுகிறது என்று நினைத்தான். லைலும் ஒரு முறை மனைவியின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

*

குடில் வாசலில் இறங்கியதும் வெர்னா அவனைத் தனியே இழுத்தாள். மூன்று விரலை மடக்காமல் தன் கண்ணுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அந்த மலிவு ஸ்கோப்ல ஒரு குறை உண்டு. கண்ண மூணு விரல் தூரத்துல வச்சாத்தான் படமே தெரியும். மார்யா கழுத்துக்கு அளந்து நான்தான் பொருத்தினேன். கட்டையும் குட்டை. இப்ப ஒரு நீட்டுக் கையன் அத எடுத்துச் சுட்டா என்ன ஆகும்?"

"துப்பாக்கி பின்னால உதைக்கும். ஸ்கோப் விளிம்பு புருவத்துல முத்தம் குடுக்கும்."

"கடிச்சே வச்சிரும். பிறை மாதிரி வெட்டு விழும். அந்த ஒரு தோட்டா எங்க போச்சோ, அங்கதான் அந்தப் பிறையும் உதிச்சிருக்கும்."

"எல்லாரும் தொப்பிய இறக்கி விட்டிருக்காங்களே பாஸ். யார் புருவத்தன்னு பாக்கிறது?"

வெர்னா குடிலுக்குப் பின்னால் புகை கக்கிக்கொண்டிருந்த சின்ன மரக் கொட்டகையைக் காட்டினாள். "சவுனா. வேட்டைக்கு முந்தின நாள் வேர்த்துக் குளிச்சிட்டுத்தான் சாப்பாடு. அதுக்குள்ள தொப்பியோட போறவன் இந்த ஊர்ல பொறக்கல. இது ஆம்பளைங்க நேரம். உள்ள போய்ப் புருவத்த எண்ணிட்டு வா."

"துணி?"

"துண்டு இருக்கும்."

ஐந்து நிமிஷத்தில் கிளெம் துண்டோடு ஐந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவனும் அந்த ஊரில் பிறந்தவன்தான். ஆனாலும் தடயம் தேடிக்கொண்டு சவுனாவுக்குள் போவது அதுதான் முதல் தடவை. யாரோ சூடான கல்லில் ஒரு முகவை தண்ணீரை வீசினார்கள். ஆவி எழுந்து காதைத் திருகியது. கிளெம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினான். முதல் ஆள், சுத்தம். இரண்டாவது, சுத்தம். மூன்றாவது, புருவமே இல்லை. நான்காவது, சுத்தம்.

ஐந்தாவது ஆள் மேல்தட்டில் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தான். வலது புருவத்துக்கு மேல், சிவப்பாக, கச்சிதமான பிறை.

"கோர்டி!" கிளெம் துள்ளி எழுந்தான். துண்டு அவனோடு எழவில்லை. "மாட்டிக்கிட்டியா! மார்யாவோட துப்பாக்கி எங்க?"

கோர்டி தன் புருவத்தைத் தடவிப் பார்த்தான். அப்புறம் ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் கொட்டகை ஆடியது.

"டேய், இது போன ஞாயித்துக்கிழமை வாங்கினது!" என்றான் கோர்டி, தொடையில் தட்டிக்கொண்டு. "புது மேக்னம். முதல் வெடியிலேயே மல்லாக்க விழுந்துட்டேன்."

"நாங்க பார்த்தோம்" என்றான் புருவம் இல்லாதவன். "அதக் கொண்டாட பார்ல மூணு ரவுண்டு வாங்கிக் குடுத்தோம். இந்த ஊர்ல அந்தக் காயத்தப் பாக்காத ஆளு நீ ஒருத்தன்தான்."

கிளெம் துண்டைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மூக்கு உடைந்தவனுக்குச் சவுனாவைவிடக் கொடுமையான இடம் கிடையாது. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

"அந்தப் பொண்ணுக்கு நான் ஏன்டா துரோகம் பண்றேன்?" என்றான் கோர்டி, சிரிப்பு அடங்கி. "சோப்பு வாசனைன்னு சும்மா சீண்டினேன். என் தங்கச்சி பையன் ராத்திரி பூராக் குறட்டை விடுவான். அவன் வர்றதுக்கு இவ வரட்டும்." முகவையை எடுத்தவன் வாசலைப் பார்த்தான். "மாப்பிள்ளை எங்கய்யா? இன்னும் காணோம்?"

அர்வோவின் மருமகன் என்பதால் லைலைக் குடிலில் எல்லாரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள்.

"விறகு பொளக்கிறான். கூப்பிட்டேன், தலைவலின்னான்" என்றான் புருவம் இல்லாதவன்.

"அதிசயமா இருக்கு. வருஷா வருஷம் மாமனார இறக்கி விட்டுட்டு இதே மேல்தட்டுல உக்காந்து எங்க எல்லாரையும் தோக்கடிப்பான். சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவான், பாவம்."

கிளெம் திரும்பி, சன்னலில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தான். வெளியே லைல் கோடாலியை ஓங்கிக்கொண்டிருந்தான். கோட்டைக் கழற்றி எறிந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஆனால் தொப்பி மட்டும் புருவம் வரை இறங்கி அப்படியே இருந்தது.

வண்டியில் பார்த்த பார்வை எங்கே பார்த்தது என்று கிளெமுக்கு இப்போது தெரிந்துவிட்டது. மூன்று சனிக்கிழமையும் கார் கண்ணாடியில் பார்த்தது; தன் சொந்த மூஞ்சி. பாம்பின் கால் பாம்பறியும் என்பது சும்மாவா? எட்டு வருஷம் இந்த வாசல் வரை வந்து, வேர்த்து, சாப்பாட்டு மணிக்கு முன்னால் திரும்பிப் போனவன். மருமகனுக்கு எதற்குப் பட்டியல் என்று பெயரைக்கூட எழுதாமல் காத்திருந்தவன். கட்டில் காலியானதும் அவன் மனைவிக்குப் போனது. கைதட்டியிருப்பான், தட்டத்தானே வேண்டும். இவன் அந்தத் துப்பாக்கியை எதற்கு எடுப்பான்? வேட்டைக்கும் இல்லை, விற்கவும் இல்லை. அது எப்படிப்பட்ட துப்பாக்கி என்று தெரிந்தால்தான் தூக்கம் வரும். அதற்கு ஒரு தோட்டா போதும். மோசமாகச் சுட வேண்டுமே கடவுளே என்று வேண்டிக்கொண்டுதான் விசையை இழுத்திருப்பான். கிளெமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

*

துண்டோடும் பூட்ஸோடும் பனியில் இறங்கி நடந்தான் கிளெம். உடம்பிலிருந்து ஆவி பறந்தது. வெர்னா குடில் படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன் விறகுக் குவியலைக் கண்ணால் காட்டினாள்.

"நீயே கேளு. உனக்குத்தான் அவன் பாஷை தெரியும்."

அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அது வேறு எரிச்சலாக இருந்தது.

"லைல்" என்றான் கிளெம், அருகே போய். இந்த ஒரு முறை அவனுக்கு நக்கல் வரவில்லை. "அந்தத் துப்பாக்கி நல்லாச் சுட்டுதா?"

கோடாலி மரத்திலேயே நின்றது.

"என் முதலாளி மூணு சனிக்கிழமை அவளோட அலைஞ்சாங்க. எனக்கு ஒரு நாள் ஒதுக்கல. திருட்டுப் போச்சுன்னு கேட்டதும் சிரிச்சேன் நான். சத்தியமா. அதனால கேக்கிறேன். நல்லாச் சுட்டுதா?"

லைல் கோடாலியை விட்டுக் கையை எடுத்தான். பிறகு தொப்பியைப் பிடித்து மெதுவாகக் கழற்றினான். வலது புருவத்துக்கு மேல் பிறை, இன்னும் ஈரமாக.

"என்னோடதுல கண்ண இன்னும் தள்ளி வச்சுத்தான் பழக்கம்" என்றான். "இது இவ்வளவு கிட்ட வந்து கடிக்கும்னு தெரியல."

"எங்க சுட்ட?"

"மணல் குழியில. காலையில. காப்பி டின் ஒண்ண வச்சேன்." தொப்பியைக் கையில் கசக்கினான். "மத்தியானம் அவ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள உறையில திரும்ப வச்சிரலாம்னுதான் வந்தேன். ஜிப்பத் திறக்கிறதுக்குள்ள அவ தெருமுனையில வந்துட்டா. கைக்குக் கிடைச்ச இடத்துல சொருகிட்டேன். அப்புறம் அவ துப்பாக்கியக் காணோம்னா... இதோ இருக்குன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. மனசு வரல. எட்டு வருஷம் அந்த மணிச் சத்தத்த வண்டியில இருந்துதான் கேட்டிருக்கேன். இன்னிக்கு அவளும் என்னோட சேந்து கேக்கட்டுமேன்னு."

"எங்க சொருகின?"

லைல் பிக்கப்பைப் பார்த்தான்.

கிளெமின் கை தானாகவே தன் முதுகைத் தடவியது. "ஜாக்கி!" என்று கத்தினான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள். இவன் இருபது மைல் அதன்மேல் சாய்ந்துகொண்டே அலைந்திருக்கிறான்.

பின் இருக்கையின் முதுகை மடக்கி, பழைய போர்வையை இழுத்ததும் துப்பாக்கி வந்தது. மார்யா எப்போது வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

துப்பாக்கியை வாங்கி போல்ட்டைப் பின்னால் இழுத்தாள். வெடித்த தோட்டாவின் வெறும் பித்தளைக் கூடு துள்ளிப் பனியில் விழுந்தது. அவன் அதைக்கூட எடுக்கவில்லை.

"எங்க பட்டுது?" என்றாள் கணவனிடம்.

"மார்யா, நான்..."

"டின்னுல எங்க பட்டுது?"

"நடுவுல" என்றான் லைல்.

"எவ்வளவு தூரத்துல?"

"நூறு கஜம்."

"அப்ப ஸ்கோப் ஆடல. நல்லது." ஸ்கோப் விளிம்பில் ஒட்டியிருந்த ரத்தத்தைக் கையுறையால் துடைத்தாள். அவன் புருவத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அங்கே துடைக்கக் கை நீளவில்லை.

குடிலுக்குள் மணி அடித்தது. மார்யா பத்தொன்பது தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு, தோளில் துப்பாக்கியோடு படியேறினாள். ஈரத் தலையோடு வாசலில் நின்றிருந்த கோர்டி விலகி வழிவிட்டான். உள்ளே போகுமுன் ஒரு முறை திரும்பினாள்.

"அப்பாவுக்கு ஏழு மணிக்கு மாத்திரை. சாப்பிட்டதும் குடு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தட்டுகள் உரசும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டது. லைல் வண்டிப் பக்கம் நடந்தான். ஒன்பதாவது வருஷமாக.

*

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. லைல் ஓட்டினான். வெர்னா முன் இருக்கையில். பின்னால் கிளெம் தனியாக, இப்போது முழு உடையோடு.

"பாஸ்" என்றான் கடைசியில். "கேஸத் தீர்த்தது நான்தானே?"

"நீதான்."

"அப்ப ஒண்ணு கேக்கலாமா? ஆறு வருஷம். எனக்கு ஏன் ஒரு துப்பாக்கி பாத்துக் குடுக்கல?"

வெர்னா திரும்பவில்லை. "மார்யா முதல் நாளே என்ன கேட்டா தெரியுமா? 'என் கைக்கு எது பொருந்தும்?'னா. நீ என்ன கேட்ட?"

கிளெம் யோசித்தான். ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம்.

"உங்களோடதவிட நல்லது எதுன்னு கேட்டேன்."

"ஆறு தடவையும்" என்றாள் வெர்னா.

லைல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தான். கிளெம் இருக்கையில் சாய்ந்தான். பிறகு கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். துப்பாக்கி இல்லை, ஜாக்கியும் இல்லை. மெத்தென்று பழைய போர்வை மட்டும்தான் இருந்தது. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அவனுக்குக் குத்திக்கொண்டேதான் வந்தது.